ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. வலி மட்டும் இருந்தது

என் நெஞ்சுவலி படியேறும்போது வராது. மாடிப்படி ஏறி முடித்து, வகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து இரண்டு மூன்று பெயர்களை வாசித்த பிறகுதான் வரும். நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் தொடங்கி, இடது தாடை வரை இழுத்து, இருபது நிமிடம், சில நாள் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வலி தொடங்கியபோது எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை கிடையாது. இரத்த அழுத்தம் மட்டும் எல்லையை ஒட்டி இருந்தது.

டிரெட்மில் பரிசோதனையில் ஈ.சி.ஜி. கோடு இறங்குகிறது என்று சொல்லி, அடுத்த வாரமே மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். நான் இன்னும் மேசையில் படுத்திருக்கும்போதே மருத்துவர், "குழாயெல்லாம் சுத்தமா இருக்கும்மா, ஒரு அடைப்பும் இல்ல. கேஸ் டிரபிளா இருக்கும், டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்றார். எங்கள் வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள். அமிலத்துக்கு ஒரு மாத்திரையும், இரவில் தூங்குவதற்கு அரை மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறிக்கையின் கடைசிக்கு முந்தைய வரியில், முன்புறம் இறங்கும் இடது தமனியில் 'ஸ்லோ ஃப்ளோ' என்று இரண்டே சொற்கள் இருந்ததை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. யாரும் விளக்கவும் இல்லை.

வலி நிற்கவில்லை. பாயசம் வைத்த வீட்டில் இரண்டு மாதத்துக்குள் பேச்சு மாறியது. "ஆஞ்சியோவே சுத்தம்னு வந்துருச்சு, அப்புறம் என்ன? எல்லாம் மனசுதான் அண்ணி" என்று என் நாத்தனார் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் பதில் சொல்லவும் முடியவில்லை. அடைப்பு இருந்திருந்தால் ஊரே வந்து ஆர்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கும். அடைப்பு இல்லாத வலிக்கு விசாரிப்பும் இல்லை, விடுப்பும் இல்லை.

எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பும் பழக்கம் எனக்கு இல்லாததால், கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நான்கு பத்திகள் பிரித்தேன். வலி வந்த நேரம், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் செய்த வேலை, மணிக்கட்டில் பார்த்த நாடி, வலி நீடித்த நிமிடங்கள். மூன்று மாதத்தில் 63 பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் 22, விடியற்காலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் வந்தவை; சில நாள் விழிப்பே வலியில்தான் வந்தது. 17, உழைத்து முடித்து உட்கார்ந்த பிறகு வந்தவை. 13, வாக்குவாதத்துக்கோ பதற்றத்துக்கோ பின்னால். 6, குளிர்ந்த நீரில் கை வைத்தபோது அல்லது பனிக்காற்றில் கோலம் போட்டபோது. நடக்கும்போதும் ஏறும்போதுமே வந்தவை வெறும் ஐந்து. நாடி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட 92, 96 என்றே இருந்தது. உழைப்பைவிட நேரமும் குளிரும் கோபமும்தான் இந்த வலியை ஆட்டிவைக்கின்றன என்பது அந்த நோட்டில் தெளிவாகத் தெரிந்தது. வாயுத் தொல்லைக்கு விடியற்காலை அட்டவணை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த இதயநோய் மருத்துவர் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் படித்தார். பிறகு ஆஞ்சியோ சி.டி. இருக்கிறதா என்று கேட்டார். அது எங்கள் வீட்டு அலமாரியில் குடும்ப அட்டைக்குக் கீழே கிடந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணினியில் ஓடவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். வலது தமனியில் சாயம் இரண்டு துடிப்புக்குள் நுனி வரை ஓடிவிட்டது. இடது தமனியில் தொடக்கத்தில் அகலமாக, அழகாகத்தான் இறங்கியது; நுனியை எட்டுவதற்குள் இதயம் நான்கு முறை துடித்துவிட்டது. மூன்று துடிப்போ அதற்கு மேலோ ஆனால் அதை மந்தமான ஓட்டம் என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம்.

"மேட்டூர்ல திறந்தாச்சு, கல்லணையும் தாண்டியாச்சு, ஆனா கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரல. ஆத்துல அடைப்பு இருக்கான்னுதான் இதுவரைக்கும் பார்த்திருக்காங்க" என்றார். டெல்டாவில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆஞ்சியோவில் தெரிவது பெரிய தமனிகள் மட்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கிளைகள் அதில் தெரிவதில்லை. இதயத் தசைக்கு எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவையோ பெரும்பாலும் அந்தத் தெரியாத கிளைகள்தான். அவை தேவைப்படும் நேரத்தில் விரியாமலோ, தேவையில்லாமல் சுருங்கியோ வரும் வலிக்கு மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா, அதாவது நுண்குழாய் நெஞ்சுவலி என்று பெயர். வலி இருக்க வேண்டும், பெரிய தமனியில் பெரிய அடைப்பு இருக்கக் கூடாது, இரத்தம் போதவில்லை என்பதற்கு டிரெட்மில் போன்ற ஒரு சான்று வேண்டும், நுண்குழாய் சரியாக இயங்கவில்லை என்பதற்கும் ஒரு சான்று வேண்டும். இந்த நான்கில், நான்காவதற்கான சான்று அதுவரை அலமாரியில் கிடந்திருக்கிறது. ஆகவே ஆஞ்சியோ எடுத்தவர்கள், முடிவு 'நார்மல்' என்றாலும் சி.டி.யைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காகித அறிக்கையில் இல்லாத வேகம் அதில் இருக்கிறது.

இந்த நோய்க்கு முதலில் வைத்த பெயர் சிண்ட்ரோம் எக்ஸ். 1973இல் ஹார்வி கெம்ப் என்ற அமெரிக்க மருத்துவர், காரணம் விளங்காததால் அப்படிக் குறித்தார். எனக்கு எக்ஸ் என்றால் கண்டுபிடிக்க வேண்டிய எண். மாணவர்களிடம் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் சொல்லி வருகிறேன். 1988இல் ரிச்சர்ட் கேனனும் ஸ்டீபன் எப்ஸ்டீனும் நுண்குழாய்களைச் சுட்டி இப்போதைய பெயரை வைத்தார்கள். பெண்களிடம், அதிலும் மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டியவர்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. 'அடைப்பு இல்லாவிட்டால் ஆபத்து இல்லை' என்ற எண்ணமும் சரியில்லை என்று அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய வைஸ் என்ற பெண்கள் இதய ஆய்வு காட்டியது.

வாய்க்காலில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் யார் என்பதுதான் என் அடுத்த கேள்வி. அந்த வேலையில் ஒரு பங்கு, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் உடலை இயக்கும் தானியங்கு நரம்பு மண்டலத்துடையது. பள்ளி அறிவியல் புத்தகத்தில் பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு என்று இரண்டாகப் பிரித்து ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். பரிவு நரம்பு நாடியை வேகப்படுத்தும், குழாய்களை இறுக்கும். எதிர்ப்பரிவின் முக்கியக் கம்பியான வேகஸ் நரம்பு நாடியைத் தணிக்கும். இதயத் தசைக்கு இரத்தம் பாய்வது அது சுருங்கும்போது அல்ல, பெரும்பாலும் தளரும்போது. நாடி 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு வினாடி. 100 என்றால் 0.6 வினாடி. சுருங்கும் நேரம் அதிகம் குறையாததால், குறைந்த 0.4 வினாடியில் பெரும்பகுதி தளரும் நேரத்திலிருந்து, அதாவது இதயம் சாப்பிடும் நேரத்திலிருந்து, கழிகிறது. நுண்குழாய் ஏற்கெனவே விரிய மறுக்கும் ஒருவருக்கு இந்தக் கழித்தல் தாங்காது. விழித்தெழும் நேரம், குளிர், கோபம் ஆகிய மூன்றுமே பரிவு நரம்பைத் தூண்டுபவை. என் நோட்டின் கூட்டுத்தொகைகள் அப்போதுதான் எனக்குப் பொருள்பட்டன.

இதய ஆய்வாளர்கள் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். சிண்ட்ரோம் எக்ஸ் நோயாளிகளிடம் நாடியின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைந்திருப்பதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1997இல் ரோம் நகர மருத்துவர்கள், பரிவு நரம்பு சுரக்கும் நோராட்ரினலினைப் போல நடிக்கும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படம் எடுத்து, இதயத்திலுள்ள பரிவு நரம்பு முனைகளே சரியாக இயங்கவில்லை என்பதைப் பலரிடம் கண்டார்கள். எல்லா நோயாளிகளிடமும் இந்தக் கோளாறு இருப்பதில்லை. வலியும் பயமும்கூடப் பரிவு நரம்பைத் தூண்டும் என்பதால், எது முதல், எது பின் என்று ஒவ்வொருவரிடமும் பிரித்துவிடவும் முடியாது.

மருத்துவர் என்னைத் தானியங்கு நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பியபோது ஒன்றை நேர்மையாகச் சொன்னார்: இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல, எல்லோருக்கும் தேவையும் இல்லை, எந்த மாத்திரையில் தொடங்குவது என்று எனக்கும், வலி உங்கள் கற்பனை அல்ல என்று உங்கள் வீட்டுக்கும் உதவும். இந்தப் பரிசோதனை பல மருத்துவக் கல்லூரிகளில் இதயப் பிரிவில் அல்லாமல் உடலியங்கியல் துறையில்தான் நடக்கிறது. முதல் முறை போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள், காலையில் காபி குடித்திருந்தேன் என்பதற்காக. முந்தைய நாள் இரவிலிருந்தே காபி, டீ கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. அறை குளிரூட்டப்பட்டிருக்கும் என்பதால் ஒரு சால்வை எடுத்துப்போவது நல்லது.

படுக்கவைத்து, ஈ.சி.ஜி. கம்பிகளை ஒட்டி, பதினைந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு முதுநிலை மாணவி என் கண்ணெதிரே கையை மெல்ல உயர்த்தினார். ஐந்து வினாடி மூச்சை இழுக்க வேண்டும். கையைத் தாழ்த்தினார்; ஐந்து வினாடி விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை இழுக்கும்போது நாடி கூடுவதும் விடும்போது குறைவதும் இயல்பு. அந்த வித்தியாசம் வேகஸ் நரம்பின் வலுவைக் காட்டும். பதினைந்துக்கு மேல் இருந்தால் நல்லது, பத்துக்குக் கீழே குறைவு. எனக்கு ஏழு. அடுத்து ஒரு குழாயை வாயில் வைத்து, பாதரசம் 40 மில்லிமீட்டரில் நிற்கும்படி பதினைந்து வினாடி ஊத வேண்டும். பாதரசம் நடுங்கியது, நானும்தான். ஊதும்போதுள்ள நாடிக்கும் ஊதி முடித்த பிறகுள்ள நாடிக்கும் இடையிலான விகிதம் எல்லைக்கோட்டில் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது எழுந்து நிற்கும் சோதனை. எழுந்தவுடன் நாடி வேகமெடுத்து, பதினைந்தாவது துடிப்பை ஒட்டி உச்சிக்குப் போய், முப்பதாவது துடிப்பை ஒட்டித் தணிய வேண்டும். முப்பதாவது துடிப்பின் இடைவெளியைப் பதினைந்தாவதின் இடைவெளியால் வகுத்தால் 1.04 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். எனக்கு 1.02. உடலுக்குள் இப்படி ஒரு வகுத்தல் கணக்கு ஒவ்வொரு முறை எழும்போதும் நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அங்கேயே சிரித்துவிட்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. கைப்பிடிக் கருவியை முழு வலுவோடு ஒரு முறை அழுத்தச் சொல்லி, அதில் முப்பது விழுக்காட்டு அளவில் விடாமல் பிடித்திருக்கச் சொன்னார்கள். மற்றக் கையில் நிமிடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்தார்கள். கீழ் அழுத்தம் 82இல் தொடங்கி மூன்றாம் நிமிடத்தில் 112க்குப் போனது. 16 புள்ளி ஏறினாலே போதுமான சோதனையில் நான் 30 ஏறியிருந்தேன். அப்போது நெஞ்சில் அதே உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. மாணவி உடனே நிறுத்தி, துறைப் பேராசிரியரை அழைத்து, ஈ.சி.ஜி.யைப் பார்த்து, வலி அடங்கும் வரை என் கையைப் பிடித்தபடி நின்றார். பனிக்கட்டி நீரில் கையை வைக்கும் சோதனையை அதன் பிறகு செய்யவில்லை. அதற்கான பதில் என் நோட்டிலேயே இருந்தது.

எடின்பரோவில் டேவிட் யூயிங்கும் அவருடைய குழுவினரும் சர்க்கரை நோயாளிகளுக்காக முறைப்படுத்திய ஐந்து சோதனைகளைச் சேர்ந்தவைதாம் இவை; பனிக்கட்டி நீர் சோதனை மட்டும் அந்த ஐந்தில் சேராது. சர்க்கரை இல்லாத எனக்கு வேகஸ் நரம்பு தளர்ந்தும், பரிவு நரம்பு மிகையாகத் துள்ளியும் இருந்தன. உடன் எடுத்த 24 மணி நேர ஹோல்டர் பதிவில், அதாவது உடலில் மாட்டிவிடும் ஈ.சி.ஜி.யில், ஆழ்ந்த தூக்கத்திலும் நாடி 70க்குக் கீழே இறங்கவில்லை. துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அளவு, 100 மில்லி வினாடியாவது இருக்க வேண்டியது, 78 என்றிருந்தது. அந்தத் தாளை நாத்தனாரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "மனசு இப்படியா கோடு போடும்?" என்று கேட்டார்.

சிகிச்சை நெபிவோலால் என்ற மாத்திரையின் சிறிய அளவில் தொடங்கியது. அது நாடியைத் தணிப்பதோடு, குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கவும் உதவுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த வகை மாத்திரையை மூன்று நாள் ஊருக்குப் போகிறோம் என்று மறந்துவிடவும் கூடாது, ஏனெனில் திடீரென்று நிறுத்தினால் நாடி பழைய பகையோடு திரும்பி வரும். ஒரு திருமண வீட்டில் நான் அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். குழாயை விரிப்பதற்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை எனக்குப் பெரிதாக உதவவில்லை. அது இரத்த அழுத்தத்தை இறக்கும்போது அதை ஈடுகட்டப் பரிவு நரம்பு நாடியை ஏற்றிவிடுகிறது. வைத்துக்கொள்பவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை இப்படிப்பட்ட வலியை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்ததாக 1994இல் கேனன் குழுவினர் வெளியிட்டிருந்ததை நான் மருத்துவரிடம் சொன்னேன். வேகஸ் நரம்பின் பிடியை அது இன்னும் தளர்த்தும், உங்களுக்கு வேண்டாம் என்றார். ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்தாது என்பதை இந்த நோயில் மிகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாத்திரையைத் தவிர மாற்றியவை சிறியவை. விழித்தவுடன் எழுவதில்லை, படுக்கையிலேயே கால்களை மடக்கி நீட்டி, விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, வெந்நீர் குடித்துவிட்டு எழுகிறேன். மார்கழியில் கோலம் ஏழு மணிக்கு, வாசல் கோபித்துக்கொள்ளவில்லை. நடையை முதல் பத்து நிமிடம் சோம்பலாகத் தொடங்கி, கடைசிப் பத்து நிமிடம் அதே சோம்பலோடு முடிக்கிறேன். உழைப்பிலிருந்து சட்டென்று ஓய்வுக்குப் போகும் அந்த இடத்தில்தான் என் வலி காத்திருந்தது. மாடி ஏறியதும் உட்காராமல் கரும்பலகையைத் துடைத்தபடி மெல்ல நடக்கிறேன். மாணவர்கள் இதைச் சுத்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. புதுச்சேரி ஜிப்மரின் உடலியங்கியல் துறையினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் மெதுவான மூச்சுப் பயிற்சி செய்த ஆரோக்கியமானவர்களிடம் எதிர்ப்பரிவுச் செயல்பாடு கூடியிருந்தது. அதை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பத்து நிமிடம், அந்த மாணவியின் கை ஏறி இறங்கிய அதே ஐந்து வினாடிக் கணக்கில் மூச்சு விடுகிறேன். மூச்சை அடக்கும் கும்பகத்தை ஓர் ஆசிரியர் கற்றுக்கொடுத்தபோது படபடப்பு கூடியதால் அதை விட்டுவிட்டேன். வேகமாக மூச்சை வீசும் கபாலபாதியையும் தொடுவதில்லை. ஒன்பது மாதம் கழித்து எடுத்த ஹோல்டரில் 78 என்பது 94 ஆகியிருந்தது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, மூச்சுக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

நுண்குழாய் நோய் என்று பெயர் சூட்டிவிட்டதால் எல்லா வலியையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வழக்கமான வலியின் முகம் மாறினாலும், வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும், ஓய்வெடுத்தும் இருபது நிமிடத்தில் குறையும் அடையாளமே தெரியாவிட்டாலும் 108ஐ அழைத்துவிட வேண்டும், ஈ.சி.ஜி.யும், இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஒரு முறை அப்படிப் போய், ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தேன். வெட்கப்படவில்லை. சி.டி.யும் ஹோல்டர் தாளும் சேர்ந்த கோப்பு இப்போது வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. இருட்டிலும் என் கணவரின் கை அதை எட்டும்.

கட்டம் போட்ட நோட்டு இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற மார்கழி முழுவதற்கும் ஏழு பதிவுகள். கடைசிப் பதிவு விடைத்தாள் திருத்தும் முகாமில், அரை மதிப்பெண்ணுக்காக நான் நின்றுகொண்டே வாதாடிவிட்டு உட்கார்ந்த பிறகு வந்தது: பிற்பகல் 3.10, நாடி 84, ஒன்பது நிமிடம். அரை மதிப்பெண் அந்தப் பையனுக்குக் கிடைத்தது.